சுவரில் சான்றிதழ்; மருந்தாளுநர் எங்கே?

தாம்பரம் முதல் கடலோரக் கோவளம் வரை, தென் சென்னைப் புறநகரில் மருந்துக் கடைகளுக்குப் பஞ்சமில்லை; தேட வேண்டியவர் மருந்தாளுநரே. மருத்துவரின் சீட்டுக்குரிய மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் வழங்க வேண்டும் என்கிறது 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டம். இது வெறும் சம்பிரதாயமன்று. இரு மருத்துவர்களிடம் செல்லும் முதியவருக்கு ஒரே மருந்து இரு வணிகப் பெயர்களில் எழுதப்பட்டிருக்கலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினை உட்கொள்பவர் வலி நிவாரணி கேட்கலாம். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். அதை விற்பனை மேசையிலேயே கண்டு தடுக்கக் கற்றவர் மருந்தாளுநர். எனவே, கடைச் சுவரில் உள்ள பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். அதற்குரியவர் கடையில் இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்பவர் பெருகினால், சான்றிதழை மட்டும் மாட்டிவைத்துக் கடை நடத்துவது கடினமாகும்.