பெயேர்செபாவில் ஓர் ஓய்வுநாள்

தாண் முதல் பெயேர்செபா வரை என்னும் வழக்கு பழைய ஏற்பாட்டில் பன்முறை வருகிறது. வேங்கடம் முதல் குமரி வரை என்று நம் முன்னோர் தமிழ் நிலத்தின் எல்லைகளைச் சுட்டியதைப் போல, இஸ்ரயேல் மக்கள் தம் நாட்டின் வட எல்லையையும் தென் எல்லையையும் இவ்வாறு சுட்டினர். அத்தென் எல்லையில், நெகேபு பாலைநிலத்தின் வாயிலில் அமைந்திருப்பதே பெயேர்செபா நகரம். ஆண்டு முழுவதும் அங்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மட்டுமே. அங்கு ஒரு கிணறு என்பது ஓர் உயிருக்குச் சமம்.

‘பெயேர்’ என்றால் கிணறு. ‘செபா’ என்னும் சொல்லுக்கு ஏழு என்றும் ஆணை என்றும் இரு பொருள் கூறுவர். தாம் தோண்டிய கிணற்றை அபிமெலக்கு மன்னனின் ஆட்கள் பறித்துக்கொண்டபோது, ஆபிரகாம் வாளை எடுக்கவில்லை. ஏழு பெண் ஆட்டுக்குட்டிகளைச் சான்றாக நிறுத்தி மன்னனோடு உடன்படிக்கை செய்துகொண்டார் என்று தொடக்க நூல் 21ஆம் அதிகாரம் கூறுகிறது. பின்பு அவ்விடத்தில் ஒரு மரத்தை நட்டு, என்றுமுள்ள இறைவனை வழிபட்டார். ஆணையும் ஏழும் நீரும் சேர்ந்த பெயர் அது. ஏழாம் நாளைப் பற்றிச் சிந்திப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் நமக்குத் தோன்றவில்லை.

அந்நகருக்கு 2019ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்று வந்த ஒரு தம்பதியரின் அனுபவத்தை, அவர்களுடைய இசைவோடு இங்கு எழுதுகிறோம். அவர்களுடைய பெயரும் ஊரும் வாசகர்களுக்கு வேண்டியதில்லை. கணவர் ஜவுளிக்கடை உரிமையாளர். மனைவி ஓய்வு பெற்ற ஆசிரியை. திருநாட்டு யாத்திரைக் குழுவோடு சென்ற அவர்கள், குழு திரும்பிய பின்னும் மூன்று நாள் தங்கினர். மனைவியின் தங்கை பெயேர்செபாவில் ஒரு முதியவரின் இல்லத்தில் பராமரிப்புப் பணி செய்துவந்ததே காரணம்.

வெள்ளிக்கிழமைச் சுற்றுலா

வெள்ளி காலையில் ஒரு வாடகைக் காரில் ஊரைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டனர். குளிர்கால மழை பெய்து ஓய்ந்திருந்த பருவம். பாலையின் விளிம்பில் பசும்புல் முளைத்து, ஆங்காங்கே செந்நிற அனிமோன் மலர்கள் பூத்திருந்தனவாம்.

முதலில் நகருக்குக் கிழக்கே உள்ள பழைய பெயேர்செபா மேட்டுக்குச் சென்றனர். யூதா அரசர்களின் காலத்து நகரம் ஒன்று அங்கே அகழ்ந்து வெளிப்படுத்தப்பட்டுள்ளது. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. நகர வாயிலருகே ஏறத்தாழ 70 மீட்டர் ஆழமான கிணறு. மலை வெள்ளத்தைத் தேக்கிவைக்கப் பாறையைக் குடைந்து அமைத்த நிலத்தடி நீர்த்தொட்டி. அதற்கு இறங்கிச் செல்லப் படிகள். 1973ஆம் ஆண்டு அங்கே கண்டெடுக்கப்பட்ட கொம்புகளுடைய பலிபீடத்தின் கற்கள், ஒரு கிடங்கின் சுவரில் வெறும் கட்டடக் கற்களாக வைத்துக் கட்டப்பட்டிருந்தன. ஒரு காலத்தில் வழிபாட்டுக்குரியதாய் இருந்தது பின்னொரு காலத்தில் பண்டகசாலையின் சுவராயிற்று! இச்செய்தியைக் கேட்டபோது, நம் ஞாயிற்றுக்கிழமைகளின் நினைவு நமக்கு வந்தது.

அடுத்து, முதல் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம். 1917ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் மாலையில் ஆஸ்திரேலியக் குதிரைப்படை வீரர்கள் துருக்கியர் வசமிருந்த அவ்வூரின்மீது பாய்ந்து அதனைக் கைப்பற்றினர். குதிரைகள் தாகத்தால் தவித்தன. இருட்டுமுன் ஊரின் கிணறுகளை அடைந்தாக வேண்டும் என்பதே அவசரம். 1,200க்கும் மேற்பட்டோர் அத்தோட்டத்தில் துயில்கின்றனர். ஆபிரகாம் ஆணையால் காத்துக்கொண்ட நீரைப் பிற்காலத்தார் குருதி சிந்திப் பெற்றனர்.

இவை அனைத்தையும் கணவர் பார்த்தாரா என்றால், பார்த்தார். ஆனால் கைப்பேசியின் கண்ணாடி வழியாகவே பார்த்தார். படம் எடுப்பதும், கடைக்குப் பேசுவதும், சரக்கு வந்ததா, வசூல் எவ்வளவு என்று கேட்பதுமாகவே பொழுது கழிந்தது. “அறுபது இடம் பார்த்தோம், ஆனால் ஓரிடத்திலும் நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கவில்லை, சாமி” என்று அந்த அம்மையார் நம்மிடம் கூறினார்.

விளக்கு ஏற்றிய பின்

பிற்பகலில் நகரின் போக்கு மாறத் தொடங்கியது. சந்தையில் கடைகளை அடைத்தனர். பேருந்துகள் நின்றன, தொடர்வண்டியும் இல்லை. சூரியன் மறையுமுன் ஓய்வுநாள் தொடங்கிவிடும்.

தங்கை பணிபுரிந்த வீட்டினர் அவர்களை இரவு உணவுக்கு அழைத்திருந்தனர். கதிரவன் சாய்வதற்குச் சற்று முன்பு வீட்டுத் தலைவி இரு விளக்குகளை ஏற்றி, கைகளால் முகத்தை மூடிச் செபித்தார். மேசைமீது துணியால் மூடப்பட்ட இரண்டு அப்பங்கள் இருந்தன. பாலைவனத்தில் ஆறாம் நாளன்று மட்டும் இரு மடங்கு மன்னா கிடைத்ததை அவை நினைவூட்டுகின்றன. ஏழாம் நாளில் மன்னாவைத் தேடிச் சென்றவர்கள் ஒன்றும் காணவில்லை என்று விடுதலைப் பயண நூல் 16ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒரு நாள் உழைக்காவிட்டால் பட்டினிதான் என்று அஞ்சிய அடிமை மக்களுக்கு, இறைவன் அளித்த முதற்பாடம் அது.

யூத மறைநூல் அறிஞர்கள் ஓய்வுநாளில் விலக்க வேண்டிய வேலைகளை 39 வகைகளாகப் பிரித்துள்ளனர். தீ மூட்டுதல் அவற்றுள் ஒன்று. ஆகவே உணவை முன்னதாகவே சமைத்துச் சூடாக வைத்திருப்பர். அவ்வீட்டில் கைப்பேசிகளை எல்லாம் ஒரு பெட்டிக்குள் இட்டு மூடினர். விருந்தினரை யாரும் வற்புறுத்தவில்லை. எனினும் மனைவி தம் கைப்பேசியை அப்பெட்டியில் வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். கணவரும் சிறிது தயங்கிய பின் வைத்தார்.

ஒன்றும் செய்ய இயலாத சனிக்கிழமை

மறுநாள் அம்முதியவரின் மகன் வந்து தந்தையைக் கவனித்துக்கொண்டதால் தங்கைக்கும் விடுமுறை கிடைத்தது. ஓய்வுநாளில் வீட்டுத் தலைவன் மட்டுமல்லன். மகனும் மகளும், பணியாளனும் பணிப்பெண்ணும், கால்நடையும், வீட்டில் தங்கியுள்ள அந்நியனும் இளைப்பாற வேண்டும் என்பதே கட்டளை. இணைச்சட்ட நூல் 5ஆம் அதிகாரம் அதற்குக் காரணமும் கூறுகிறது: நீங்களும் எகிப்தில் அடிமைகளாய் இருந்தீர்களே என்பதே அக்காரணம். விடுதலைப் பயண நூல் படைப்பின் ஏழாம் நாளைச் சுட்டுகிறது. இணைச்சட்ட நூலோ அடிமைத்தளையிலிருந்து பெற்ற விடுதலையைச் சுட்டுகிறது. ஓய்வு இறைவனின் செயலும் ஆகும். எளியவனின் உரிமையும் ஆகும்.

போவதற்கு வண்டி இல்லை. வாங்குவதற்குக் கடை இல்லை. பேசுவதற்குக் கைப்பேசி இல்லை. மூவரும் நடந்து சென்று, மாலை வெயிலில் ஒரு பூங்காவின் புளியமரம் போன்றதொரு நிழலில் அமர்ந்தனர். தங்கை தன் திருநூலைத் திறந்து, அவ்வூரின் பெயர் வரும் பகுதிகளை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

ஆபிரகாம் கிணற்றுக்காக ஆணையிட்ட அதே அதிகாரத்தில் வேறொரு நிகழ்ச்சியும் உள்ளது. அடிமைப் பெண் ஆகாரையும் தம் மகன் இஸ்மயேலையும் ஆபிரகாம் விடியற்காலையில் அனுப்பிவிடுகிறார். கொஞ்சம் அப்பமும் ஒரு தோல்பை நீரும் மட்டுமே அவர் கொடுத்தவை. பெயேர்செபா பாலையில் அலைந்து, நீர் தீர்ந்தபின், பிள்ளை சாவதைக் காணப் பொறாத தாய் அவனைப் புதரடியில் விட்டுவிட்டு, அம்பு எய்யும் தொலைவில் போய் அமர்ந்து அழுகிறாள். இறைவன் பிள்ளையின் குரலைக் கேட்டு, தாயின் கண்களைத் திறக்கிறார். அப்போது அவள் ஒரு கிணற்றைக் காண்கிறாள்.

தங்கை வாசித்து நிறுத்தியதும், அந்த அம்மையார் மெல்லக் கேட்டாராம்: “நம்ம பையனும் இப்படித்தானேங்க போனான்?”

ஐந்து ஆண்டுகளாக அவ்வில்லத்தில் யாரும் உச்சரியாத பெயர் அது. கடைத்தொழில் வேண்டாம் என்று சொன்ன ஒரே மகனை, வாய்ச்சண்டை முற்றிய ஓர் இரவில் தந்தை வாசலைக் காட்டி அனுப்பியிருந்தார். அதன் பிறகு அவர் கடையை இன்னும் முன்னதாகத் திறந்தார். இன்னும் தாமதமாக அடைத்தார். ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்த மறுகணமே கடைக்கு விரைந்தார். வேலையே அவருக்கு மருந்தாக இருந்தது. அந்த மருந்து நோயை மறைத்ததேயன்றித் தீர்க்கவில்லை. அன்று அந்த மர நிழலில் அவர் ஓடி ஒளிய ஒரு கைப்பேசியும் இல்லை, ஒரு வாடிக்கையாளரும் இல்லை. கணவனும் மனைவியும் இருள் கவியும்வரை பேசினர்; அழவும் செய்தனர்.

வானில் மூன்று விண்மீன்கள் தோன்றியதும் ஓய்வுநாள் முடிந்தது. பின்னிய மெழுகுதிரியும் நறுமணப் பொருளும் திராட்சை இரசமும் கொண்டு அவ்வீட்டார் அந்நாளுக்கு விடை கொடுத்தனர். பெட்டி திறக்கப்பட்டது. கணவர் முதலில் அழைத்தது கடையை அன்று, மகனை. அவன் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தான். அவர்கள் பேசியது என்ன என்று நாம் கேட்கவில்லை.

ஓய்வுநாள் யாருக்கு?

அன்பு வாசகர்களே, நாம் யூதர்களின் 39 விலக்குகளைக் கைக்கொள்ள வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கூனிக் கிடந்த பெண்ணை ஓய்வுநாளிலேயே நிமிரச் செய்த ஆண்டவர், அந்நாள் மனிதனுக்காகவே உண்டாக்கப்பட்டது என்பதை விளக்கிவிட்டார். அவர் உயிர்த்தெழுந்த வாரத்தின் முதல் நாளையே திருச்சபை ஆண்டவரின் நாளாகக் கொண்டாடுகிறது. கி.பி. 321இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் அந்நாளைப் பொது ஓய்வுநாளாக்கினார். தொழிலாளரின் ஞாயிறு ஓய்வைப் பறிக்கும் ஒப்பந்தம் நீதிக்கு ஒவ்வாதது என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்தார். 1998இல் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் ஆண்டவரின் நாளைப் பற்றித் தனி மடல் ஒன்றையே எழுதி, ஞாயிறு வெறும் ‘வார இறுதி’யாகச் சுருங்கிவிடக் கூடாது என எச்சரித்தார்.

ஆனால் நாம் செய்வது என்ன? ஓய்வுநாள் எப்போது முடியும், தானியத்தை எப்போது விற்கலாம் என்று காத்திருந்த வணிகர்களை ஆமோஸ் இறைவாக்கினர் சாடினார். அவர்களாவது முடியும்வரை காத்திருந்தனர்! இன்று ஜவுளிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்யும் பெண்களை எண்ணிப் பாருங்கள். பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. நம் ஞாயிறு மாலைக் கொள்முதலுக்காக எத்தனை பேருடைய ஞாயிறு பறிபோகிறது என்று நாம் கேட்டதுண்டா?

ஓய்வு என்பது சோம்பல் அன்று. எசபேலுக்கு அஞ்சி ஓடிய எலியா, தம் பணியாளனைப் பெயேர்செபாவில் விட்டுவிட்டு, ஒரு நாள் வழி பாலையில் நடந்து, சூரைச்செடியின் அடியில் சாவை வேண்டிப் படுத்தார். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் நீரும் தந்தார், மீண்டும் உறங்கவிட்டார், மீண்டும் எழுப்பி உணவளித்தார். அந்த வலிமையால்தான் அவர் நாற்பது நாள் நடந்து இறைவனின் மலையை அடைந்தார். களைத்த இறைவாக்கினருக்கு இறைவன் தந்த முதல் மருந்து உறக்கமும் உணவும் ஆகும். களைத்துப்போன கணவருக்கும், அடுப்படியில் ஞாயிறென்றும் திங்களென்றும் வேறுபாடு அறியாத மனைவிக்கும் அதை நாம் மறுக்கலாமா?

பெயேர்செபா இன்று அமைதியான ஊர் அன்று. 2023 அக்டோபர் 7ஆம் நாள், ஓய்வுநாளான ஒரு சனிக்கிழமை காலையிலேயே, அத்தென்பகுதியில் பெரும் படுகொலை நிகழ்ந்தது. தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். 2025 ஜூன் மாதத்தில் அந்நகரின் பெரிய மருத்துவமனையும் ஏவுகணையால் தாக்கப்பட்டது. ஈசாக்கின் மக்களும் இஸ்மயேலின் மக்களும் ஒரே கிணற்றடியில் இளைப்பாறும் நாளுக்காக நாம் மன்றாட வேண்டும். உடன்பிறந்தாரிடையே அமைதி வேண்டும் என்று மன்றாடும் நாம், நம் வீட்டு வாசலில் தொடங்குவது முறை.

அந்த ஜவுளிக்கடை இப்போது ஞாயிறன்று திறப்பதில்லை. வசூல் குறைந்தது உண்மையே. அதை அவர் நம்மிடம் மறைக்கவில்லை. கடையில் பணிபுரியும் பெண்களுக்கு ஞாயிறு முழுவதும் தம் பிள்ளைகளோடு கழிகிறது. மகன் இன்னும் வீட்டிற்கு வரவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் மாலையில் தாயோடும் தந்தையோடும் பேசுகிறான்.

வரும் ஞாயிறு, திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், கைப்பேசிகளை ஒரு பெட்டியில் இட்டு மூடுங்கள். முந்தைய நாளே பாதிச் சமையலை முடித்து, வீட்டுத் தலைவிக்கும் அந்நாளை ஓய்வுநாளாக்குங்கள். பின்பு குடும்பமாக அமர்ந்து, நெடுநாளாகப் பேசாமல் விட்டது எது என்று ஒருவரையொருவர் கேளுங்கள். ஆகாரின் கண்களைத் திறந்தவர் உங்கள் கண்களையும் திறப்பார். அருகிலேயே இருக்கும் கிணற்றை நீங்களும் காண்பீர்கள்.