'நல்ல'வா, 'நல்லா'வா? ஸ்பானிஷில் 'புவேனோ' சொல்லும் முன் இதைக் கவனிங்க!

சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு ஊருக்குப் போனால், தெருவுக்கு நாலு பேர் கேட்பார்கள்: "நல்லாருக்கியா?" நாமும் "நல்லாருக்கேன் அத்தை" என்போம். "நல்ல இருக்கேன்" என்று யாரும் சொல்வதில்லை. 'ல', 'லா' என்ற இந்தச் சின்ன வித்தியாசம், ஸ்பானிஷ் இன்டர்வியூவில் உங்கள் மானத்தைக் காப்பாற்றும். எப்படி?

எங்கே சறுக்குகிறது?

வேலைக்காக ஸ்பானிஷ் படிப்பவர்கள் ஆரம்பத்திலேயே கற்கும் பெயரடை 'புவேனோ'. பொருள், 'நல்ல'. வீடியோ காலில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதும், 'ஐ ஆம் குட்' என்ற ஆங்கிலத்தை மனசுக்குள் அப்படியே மாற்றி, "எஸ்தோய் புவேனோ" என்று சொல்லிவிடுவார்கள் சிலர். ஸ்பெயின்காரர் காதில் அது, "நான் செம கவர்ச்சியா இருக்கேன்" என்று விழும்! சரியான பதில்: "எஸ்தோய் பியென்".

தமிழ் வழியில் ஈஸி

ஆங்கிலத்தை மறந்துவிட்டு தமிழில் யோசிங்க. 'நல்ல' என்றால் புவேனோ, 'நல்லா' என்றால் பியென். 'நல்லா பாடுறா' என்பது 'காந்தா பியென்'. 'நல்ல பாடகி' என்பது 'புவேனா காந்தாந்தே'.

அதென்ன 'புவேனா'?

தமிழில் நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல பசங்க என எல்லாவற்றுக்கும் ஒரே 'நல்ல'தான். ஸ்பானிஷில் பாலும் எண்ணும் பார்த்து மாறும்:

* நல்ல நண்பன்: புவென் அமிகோ
* நல்ல தோழி: புவேனா அமிகா
* நல்ல நண்பர்கள்: புவேனோஸ் அமிகோஸ்
* நல்ல தோழிகள்: புவேனாஸ் அமிகாஸ்

ஆண்பால் ஒருமைப் பெயருக்கு முன்னால் வந்தால், கடைசி 'ஓ' உதிர்ந்து 'புவென்' ஆகிவிடும். இன்னொரு பொறி: 'தியா' (நாள்) 'ஆ'வில் முடிந்தாலும் ஆண்பால். அதனால்தான் காலை வணக்கம் 'புவேனோஸ் தியாஸ்', இரவு வணக்கம் 'புவேனாஸ் நோச்சேஸ்'.

சாப்பாட்டுக்கு மட்டும் உஷார்

நம்ம சங்கரன்கோவில் பிரியாணி 'நல்லாருக்கு' என்று சொல்ல 'பியென்' உதவாது. "எஸ்தா பியென்" என்றால் 'ஓகே, பரவாயில்லை' என்ற தொனி வந்துவிடும். சமைத்தவர் முகம் சுருங்கும். "எஸ்தா புவேனோ" என்றால்தான் ருசிக்குப் பாராட்டு.

ஒருவர் குணத்தில் நல்லவர் என்றால்? "எஸ் புவேனோ". நிலையான குணத்துக்கு 'எஸ்', இப்போதைய நிலைக்கு 'எஸ்தா'.

அடுத்த முறை காலில் யாராவது நலம் விசாரித்தால், அத்தையை நினைச்சுக்கோங்க. 'நல்லா'தான் பதில். அதாவது, பியென்!