கை ஒழியாதவர் வேட்பாளரானால்

தேர்தல் பற்றி நம் சூழலில் எழுதப்படுகிறவை பெரும்பாலும் ஜெயித்தவர்களைப் பற்றியவை. தோற்றவர்கள் என்று பேச்சு வந்தாலும், ஜெயித்துப் பழகிய தலைவர்கள் எப்போதோ ஒருமுறை தோற்ற கதைதான். நின்று, தோற்று, மறுநாள் காலை எட்டரை மணிக்கு வேலைக்குப் போய்விடுகிறவர்களைப் பற்றி நம்மிடம் பிரதிகள் இல்லை. 'டெபாசிட் போச்சு' என்கிற நக்கலோடு அவர்கள் கதை முடித்துவைக்கப்படுகிறது. அந்த நக்கலுக்குப் பின்னால் மறைந்துபோகிற ஒரு கணக்கைத்தான் இங்கே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் திருப்பூரை ஒட்டிய ஊராட்சி ஒன்றில் இருக்கிறார். பனியன் கம்பெனியில் பவர்டேபிள் தைக்கிறவர், பீஸ் ரேட். இரண்டு பிள்ளைகள். கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூர். 2011இல் வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்றார். 2019இல் ஊராட்சித் தலைவர் பதவிக்கு. 2021இல் சிறிய கட்சி ஒன்றின் சார்பில் சட்டமன்றத்துக்கு. மூன்றிலும் தோல்வி. நடுவில் 2016 உள்ளாட்சித் தேர்தலுக்கும் மனுப் போட்டிருந்தார்; அந்தத் தேர்தலையே அக்டோபர் 4ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அப்புறம் 2019 டிசம்பர் வரை ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். "தோக்கறதுக்குக்கூட மூணு வருஷம் காத்திருக்க வேண்டியதாப் போச்சுங்க தம்பி" என்பார்.

ஏன் தோற்றார்? சாதி, பணம், கட்சி என்று வழக்கமான பதில்கள் இருக்கின்றன. அவை பொய்யல்ல. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் அங்கே சாதி இன்னும் அம்மணமாக நிற்கும் என்பதும் நமக்குத் தெரிந்ததே. ஆனால் இந்தப் பதில்கள் எல்லாம் வாக்குப் பெட்டியிலிருந்து தொடங்குகின்றன. அதற்கு முன்பே ஒரு வடிகட்டல் நடந்து முடிந்துவிடுகிறது.

மாக்ஸ் வெபர் 1919இல் மூனிச்சில் மாணவர்கள் முன் அரசியலைத் தொழிலாகக் கொள்வது பற்றி ஆற்றிய உரையை இங்கே நினைவுகூரலாம். அரசியலுக்காக வாழ்கிறவர், அரசியலால் வாழ்கிறவர் என்று அவர் செய்த பிரிவினை பலரும் அறிந்தது. அதே உரையில் அதிகம் பேசப்படாத ஒரு கருத்தும் உண்டு. அரசியலுக்காக வாழ வேண்டுமானால் சொத்து மட்டும் போதாது, தன் தொழிலிலிருந்து விலகி வரக்கூடியவராகவும் இருக்க வேண்டும் என்கிறார் வெபர். தொழிலாளியால் அப்படி வர முடியாது. ஆலையை நேரடியாக நடத்தும் முதலாளியாலும் முடியாது. வக்கீலால் முடியும். (நம் கட்சிகளின் வரலாற்றில் வக்கீல்கள் எத்தனை பேர் என்று எண்ணினால், அவர் நம்மூரைப் பார்த்துத்தான் பேசினாரோ என்று தோன்றும்.) இந்த 'விலகி வரக்கூடிய தன்மை'க்குத் தமிழில் புதுச் சொல் உண்டாக்க வேண்டியதில்லை. ஒழிச்சல் என்று நம் வீடுகளில் சொல்கிறார்களே, அதுதான். 'கை ஒழிஞ்சா வா', 'ஒழிச்சலே இல்லை' என்று அதிகம் சொல்கிறவர்கள் யார் என்று கவனித்தால், வெபர் பார்க்கத் தவறியதும் புலப்படும். அவர் தொழிற்சாலையின் வாசலோடு நின்றுவிட்டார். வீட்டுக்குள் வரவில்லை. ஒரு தொழிலாளி ஆண் தேர்தலில் நின்றால் கூலியை இழக்கிறான். ஆனால் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் குளித்துச் சாப்பிட்டுப் பள்ளிக்குப் போகிறார்கள். அவனுடைய ஒழிச்சல் இன்னொருத்தியின் ஒழிச்சலின்மையால் உண்டாக்கப்பட்டது. தொழிலாளியாகவும் தாயாகவும் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் கை ஒழியாது.

சட்டம் இவரை எப்படிக் கற்பனை செய்கிறது? வேட்புமனுவைக் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிக்குள் தர வேண்டும், அதாவது சரியாக ஷிப்டின் நடுவில். அங்கீகரிக்கப்பட்ட கட்சியைச் சேராதவர் என்றால் சட்டமன்றத்துக்கு முன்மொழிய 10 பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேரும் ஷிப்டில்தான் இருப்பார்கள். டெபாசிட், பொதுப்பிரிவினருக்கு 10,000 ரூபாய், தலித், பழங்குடியினருக்கு அதில் பாதி. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் திரும்ப வராது. 1996இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்ட 1,033 பேர் போட்டியிட்டார்களே, அப்போது இது 250 ரூபாய்தான். அந்தக் கூட்டத்தைப் பார்த்து மிரண்ட அதே வருஷமே சட்டத்தைத் திருத்தி 5,000 ஆக்கினார்கள். 'விளையாட்டு வேட்பாளர்'களைத் தடுக்கவாம். வேட்பாளரின் அக்கறையைப் பணத்தால் அளக்கலாம் என்பது அதிலுள்ள கருத்தியல்.

மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது இரண்டு வாரம் இருக்க வேண்டும் என்பது சட்டம். பிரச்சாரம் அந்த நாட்களில்தான். தொழிலாளிக்கு வாக்களிக்க ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது (பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு அதை எந்தக் கம்பெனி தருகிறது என்பது வேறு கதை). வாக்குக் கேட்க ஒரு நாளும் கிடையாது. 2011 உள்ளாட்சித் தேர்தல் அக்டோபர் 17, 19. தீபாவளி 26. பனியன் கம்பெனிகளில் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் என்றால் ஒன்றரை ஷிப்ட், போனஸ், துணிமணி எல்லாம் அந்தச் சில நாட்களில்தான். அக்கா அந்த வாரங்களைத்தான் வார்டுக்குள் நடந்து தீர்த்தார். 2019 டிசம்பர் 27, 30 என்றபோது அரையாண்டு விடுமுறை, பிள்ளைகள் வீட்டில். 2021 ஏப்ரல் 6 என்றபோது கொரோனா. சின்னப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் வரை பள்ளிக்கூடமே திறக்கவில்லை. தேர்தல் தேதி குறிக்கிறபோது மழை, பரீட்சை, பண்டிகை எல்லாம் யோசிக்கிறார்கள். அந்தப் பரீட்சை முடிந்த பிள்ளை பகலில் யாரிடம் இருக்கும் என்ற கேள்வி அந்த மேசைக்கு வருவதே இல்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டே போகலாமே என்று கேட்கலாம். 2024 பிப்ரவரியில் தேர்தல் ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டது. பிரச்சாரத்தில் குழந்தைகளை எந்த விதத்திலும் பயன்படுத்தக் கூடாது, கையில் ஏந்தக் கூடாது, வாகனத்தில் ஏற்றக் கூடாது. நல்ல நோக்கம்தான், கொடி பிடிக்கக் கூலிக்குக் கூட்டிவரப்படும் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஒரு விலக்கும் உண்டு: பெற்றோரோடு வந்த பிள்ளை ஒரு தலைவரின் பக்கத்தில் வெறுமனே இருந்தால் மீறல் இல்லை. இந்த வாசகத்தைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். தலைவர் ஒருவர், பெற்றோர் வேறொருவர். இருவரும் ஒருவராகவே இருக்கக்கூடும், அதுவும் பிள்ளையை விட்டுவர ஆளில்லாத ஒருவராக, என்பது அந்த வாசகத்தின் கற்பனைக்குள் வரவில்லை.

சில மாநிலங்களில் பெற்றோராக இருப்பதே தகுதியிழப்பு. இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பெற்றவர் ஊராட்சிப் பதவியில் இருக்கக் கூடாது என்ற ஹரியானாச் சட்டத்தை 2003இல் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. மூன்றாவது பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் அந்த ஊர்ப் பெண்ணிடம் எவ்வளவு இருக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரியும்.

இந்த இடத்தில் அமெரிக்க உதாரணம் ஒன்றைப் பார்ப்பது உதவும். 2018இல் நியூயார்க்கில் லியூபா கிரெச்சன் ஷெர்லி என்பவர் அமெரிக்கக் கீழவைக்கு நின்றார். இரண்டு கைக்குழந்தைகள். அங்கே தேர்தல் நன்கொடையைச் சொந்தச் செலவுக்குத் தொடக் கூடாது. பிரச்சாரத்துக்குப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தரும் கூலி சொந்தச் செலவா, தேர்தல் செலவா என்று அவர் அங்குள்ள தேர்தல் ஆணையத்தைக் கேட்டார். தேர்தல் செலவுதான் என்று அந்த மே மாதம் ஆணையம் ஒப்புக்கொண்டது. நவம்பரில் அவர் தோற்றார். அவர் கேட்ட கேள்வி தோற்கவில்லை. மாநில அவைகளுக்கு நின்றவர்கள் அதையே கேட்கத் தொடங்கினார்கள். கனெக்டிகட்டில் அதே வருஷம் மாநில அவைக்கு நின்று தோற்ற ஒரு தாய்க்கு, பொதுநிதியை இதற்குத் தொடக் கூடாது என்று முதலில் மறுத்தார்கள்.

இதை அப்படியே இங்கே நட முடியாது. நம்மூர் அக்காவுக்கு நன்கொடையே வராது, அதில் எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்ற பிரச்சினை எங்கிருந்து வரும்? ஆனால் பிள்ளை வளர்ப்பு தேர்தலுக்கு வெளியே இருக்கிற 'சொந்த விஷயம்' அல்ல, தேர்தலை நடத்துகிற உழைப்பில் ஒரு பகுதி என்று ஓர் அரசு நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டது என்பது முக்கியம். 1970களில் இத்தாலியப் பெண்ணியர் வீட்டுவேலைக்குக் கூலி கேட்டபோது இடதுசாரித் தோழர்களே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நமக்கும் பழக்கமானதுதான்.

உள்ளாட்சியில் இடஒதுக்கீடு 1996 தேர்தலிலிருந்து மூன்றில் ஒன்று, 2016 திருத்தத்துக்குப் பின் பாதி. இதன் பலனைக் குறைத்துச் சொல்வது மோசடி. கவிஞர் சல்மா 2001இல் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவரானது பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில்தான். ஒதுக்கீடு இல்லாத சட்டமன்றத்துக்கு 2006இல் மருங்காபுரியில் நின்றபோது தோற்றார், பின்னால் ஒரு பெரிய கட்சி இருந்தும். 2021இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 234 பேரில் பெண்கள் 12. சட்டமன்றங்களுக்கும் மூன்றில் ஒன்று என்ற 106ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 2023இல் நிறைவேறியபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை எல்லாம் முடிந்த பிறகுதான் என்று அதற்குள்ளேயே எழுதிவைத்தார்கள். ஆனாலும் ஒதுக்கீடு திறப்பது கதவை. அந்தக் கதவு வரைக்கும் நடந்துவர யாருக்கு நேரமிருக்கிறது என்பதை அது கேட்பதில்லை. பல ஊர்களில் நேரமிருக்கிற குடும்பத்தின் பெண்தான் வருகிறார், அவருக்குப் பின்னால் அவர் வீட்டு ஆண்.

கணக்கேட்டுக்கு வருகிறேன். சட்டமன்ற வேட்பாளர் தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். அன்றாடச் செலவை ஏட்டில் எழுத வேண்டும். பிரச்சார நாட்களில் குறைந்தது மூன்று முறை அதைச் செலவுப் பார்வையாளரிடம் காட்ட வேண்டும். தோற்றவருக்கும் விலக்கில்லை. முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குத் தராவிட்டால் மூன்று வருஷம் நிற்க முடியாதபடி ஆணையம் தடுக்கலாம். 2021இல் முடிவு வந்தது மே 2. அடுத்த வாரமே ஊரடங்கு. கம்பெனி மூடிக் கிடந்தது, கையில் காசில்லை, அக்கா உட்கார்ந்து கணக்கு எழுதினார். டீ என்ன விலை, வாடகை நாற்காலி என்ன விலை, மைக்செட், ஆட்டோ என்ன விலை என்று மாவட்டத் தேர்தல் அதிகாரி விலைப்பட்டியலே போட்டிருந்தார். பெரியவளுக்கு அப்போது பதினைந்து வயது. அந்தப் பங்குனி முழுக்கச் சமைத்தது அவள். அவள் ஆன்லைன் வகுப்பில் இருந்த நேரங்களில் சின்னவனைப் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொண்டார், நாளுக்கு நூறு ரூபாய்.

"அந்த நூறை எந்தக் கட்டத்துல எழுதறதுங்க?" என்று விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டிருக்கிறார். அவர் சிரித்தாராம். "அதெல்லாம் செலவா அம்மா?"

அக்கா அதை ஏட்டின் பின்னட்டைக்குள் பென்சிலால் எழுதிக் கூட்டி வைத்திருக்கிறார். எனக்குக் காட்டினார். அதற்குக் கீழே விடுப்பெடுத்த ஷிப்டுகளின் கணக்கும் இருந்தது. பெரியவளின் பேருக்கு நேராக மட்டும் தொகை எதுவும் இல்லை. ஒரு கோடு போட்டு விட்டிருந்தார்.