பெயர் பொய்த்த இரு காட்டுயிர்கள்

ஆனைமலைக் காட்டில் ஒருநாள் இருள் சூழும் வேளையில் நான் இளைப்பாற அமர்ந்திருந்தேன். உயர்ந்த மரத்தின் உச்சியிலிருந்து ஒரு பெருநிழல் புறப்பட்டு, ஓசையின்றிச் சரிந்து, தொலைவில் நின்ற அடிமரத்தைப் பற்றிக்கொண்டது. அது பறக்கும் அணில். கைவிளக்கைத் தாழ்த்தினேன். நான் அமர்ந்திருந்த வீழ்மரத்தின் மேல் மஞ்சள் நிறக் கூழ் ஒன்று வலைபோலப் படர்ந்திருந்தது. அது சளிப்பூஞ்சை. இவ்விரண்டுக்கும் என்ன ஒற்றுமை என்று கேட்பீர்கள். இரண்டும் பெயரால் நம்மை ஏமாற்றுபவை.

பறக்கும் அணில் பறப்பதில்லை. பாலூட்டிகளுள் சிறகடித்துப் பறக்கவல்லது வௌவால் இனம் ஒன்றே. இவ்வணில், முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையேயுள்ள தோலை விரித்துக் காற்றில் சறுக்குகிறது. சறுக்குந்தோறும் உயரம் குறைவதால், மீண்டும் மரமேறித்தான் அடுத்த பயணத்தைத் தொடங்கவேண்டும்.

சளிப்பூஞ்சையோ பூஞ்சையன்று. முன்னாளில் காளான் இனத்தோடு சேர்க்கப்பட்ட இதனை, இன்று அமீபாவின் சுற்றத்தில் வைக்கின்றனர். பைசாரம் என்னும் வகையில், உள்ளங்கையளவு விரிந்த உடல் முழுவதும் ஒரே உயிரணு; அதனுள் உட்கருக்கள் எண்ணிறந்தவை. மூளையில்லை; நரம்பில்லை. ஆயினும் அது வழி தேடுகிறது. 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் நாககாகியும் அவர்தம் தோழர்களும் ஒரு புதிர்ப்பாதை முழுவதும் இதனைப் பரவவிட்டு, இரு முனைகளிலும் உணவை வைத்தனர். வீண்கிளைகளைச் சுருக்கிக்கொண்டு, மிகக் குறுகிய வழியில் மட்டும் அது தடித்து நின்றது. ஓட்டம் மிகுந்த குழாய் பருக்கிறது; ஓட்டம் குறைந்தது மெலிந்து மறைகிறது. அதன் சூழ்ச்சி இவ்வளவே.

அணில் நெடுந்தொலைவை நொடிகளில் கடக்கும்; சளிப்பூஞ்சையோ ஒரு மணி நேரத்தில் நகர்வது சில சென்டிமீட்டரே. எனினும், சிறகில்லாமல் ஒன்று காற்றைக் கடக்கிறது; மூளையில்லாமல் மற்றொன்று வழியறிகிறது. இருப்பதைக்கொண்டு வாழும் திறமே இரண்டுக்கும் பொது.

மற்றோர் உறவும் உண்டு. முதிர்ந்த மரத்தின் பொந்தில் அணில் பகலெல்லாம் உறங்குகிறது. அம்மரமே ஒருநாள் வீழ்ந்து மக்கும்போது, அதில் பெருகும் பாக்டீரியாவை உண்டு சளிப்பூஞ்சை வாழ்கிறது. பொந்து மரம் பயனற்றது என்று வெட்டினால் அணில் வீடிழக்கும். வீழ்மரம் குப்பை என்று அகற்றினால் சளிப்பூஞ்சை உணவிழக்கும். அன்று அந்த வீழ்மரத்தைக் குப்பையென எண்ணியே நானும் அதன்மேல் அமர்ந்தேன். விளக்கொளியில் அந்த மஞ்சள் வலையைக் கண்டபின், மெல்ல எழுந்து தள்ளி நின்றேன்.