தூங்கப் போன வட்டு எழவில்லை

குன்னூரில் ஜூலை மாதம் லேப்டாப் மக்கர் செய்தால், முதல் பழி ஈரத்தின் மேல்தான் விழும். துவைத்த துணி காயாமல் சுவரெல்லாம் பூஞ்சை படரும் பருவத்தில், மதர்போர்டு மட்டும் எப்படித் தப்பும்? ஆனால் நாம் பார்க்கப்போகும் கோளாறில் ஈரம் நிரபராதி. நேற்று வரை ஒழுங்காக ஓடிய பழைய லேப்டாப் ஒன்று, லினக்ஸ் அப்டேட் முடிந்த மறுநாள் காலை கறுப்புத் திரையில் நின்றுவிடுகிறது. வட்டைக் காணவில்லை என்கிறது.

இத்தகைய பழைய கருவிகள் தமிழ்நாட்டில் அபூர்வமல்ல. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே மாணவர்களிடம் வந்தது. வயதான லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, மலிவான எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினால் அதற்கு இன்னும் சில ஆண்டு ஆயுள் கூடும். நம் லேப்டாப்பிலும் வட்டு என்பது அப்படி மாட்டிய எஸ்எஸ்டிதான்.

மலையில் இரண்டாவது சந்தேகம் உயரத்தின் மேல் வரலாம். அதில் நியாயமும் உண்டு. ஹார்ட் டிஸ்க்கின் படிக்கும் முனை, சுழலும் தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் இடைவெளியில் காற்றின் மேல் மிதக்கிறது. காற்று மெலிந்தால் முனை தாழும். அதனால்தான் பல டிஸ்க்குகளுக்கு 3,048 மீட்டர் என்று உயர வரம்பு போட்டிருக்கிறார்கள். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். எஸ்எஸ்டியிலோ மிதப்பதற்கு முனையே கிடையாது. ஆக, உயரமும் நிரபராதி.

இப்போது ஒரு புதிர். வட்டையே காணவில்லை என்றால், அந்தச் செய்தியைச் சொல்லும் நிரல் எங்கிருந்து வந்தது? அதே வட்டிலிருந்துதான்! பவர் பட்டனை அழுத்தியதும் வட்டைப் படிப்பது மதர்போர்டு சிப்பில் குடியிருக்கும் பயாஸ். அதன் துணையோடு கெர்னல் நினைவகத்துக்கு ஏறுகிறது. வன்பொருளோடு நேரடியாகப் பேசும், இயங்குதளத்தின் கருப்பகுதிதான் கெர்னல். வட்டைப் படிக்கும் டிரைவர் வட்டுக்குள்ளேயே இருந்தால் திறக்க வழியில்லை என்பதால், தேவையான டிரைவர்கள் அடங்கிய ஒரு சிறு பொதியும் கூடவே ஏறும். அதன்பின் பயாஸ் ஒதுங்கிக்கொள்ள, வட்டின் பொறுப்பு கெர்னலுக்கு வருகிறது. வட்டு மறைவது அந்தக் கைமாற்றத்துக்குப் பிறகுதான்.

இதைச் சோதிக்க ஸ்குரூடிரைவர் தேவையில்லை. பெரும்பாலான லினக்ஸ் தொகுப்புகள் புதிய கெர்னலை நிறுவும்போது பழையதை அழிப்பதில்லை. துவக்க மெனுவில் அதுவும் காத்திருக்கும். பழையதைத் தேர்ந்தெடுத்ததும் லேப்டாப் எதுவுமே நடக்காததுபோல் எழுந்துவிட்டால், வட்டோ கேபிளோ செத்துப்போகவில்லை. துப்பு புதிய கெர்னலில் இருக்கிறது.

ஆனால் எங்கே? ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒன்பது, பத்து வாரம்தான். அதற்குள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் சேர்ந்துவிடுகின்றன. மலைச்சரிவில் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் அடைத்துக்கொண்டால், விவரமானவர் ஒவ்வொரு மூட்டாகக் கழற்ற மாட்டார். நடு மூட்டைத் திறப்பார். தண்ணீர் வந்தால் அடைப்பு அதற்குக் கீழே, வராவிட்டால் மேலே. மீதிப் பாதியில் மறுபடி நடு மூட்டு. 16,384 மூட்டுகள் இருந்தாலும் 14 முறை திறந்தால் போதும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கிய ‘கிட்’ என்னும் மாற்றப் பதிவுக் கருவியில் இந்தப் பாதியாக்கத் தேடல் ஒரே கட்டளை. எந்த நிலையைச் சோதிக்க வேண்டும் என்று அது சொல்லும். அதைத் தொகுத்து, துவக்கிப் பார்த்து ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று பதில் தருவது மட்டும் நம் வேலை.

2024 மே மாதம் வெளியான லினக்ஸ் கெர்னல் 6.9க்குப் பின் சிலரின் தேடல் போய் நின்ற இடம் வியப்பானது: மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஒரு நல்ல மாற்றம். எஸ்எஸ்டியையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா தடத்தில் நொடிக்கு 600 கோடி பிட்கள் வரை ஓடும். அனுப்பத் தரவு இல்லாத நேரத்திலும் இரு முனைகளும் தாளம் தவறாமலிருக்க ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த வேளையில் தடத்தைத் தூங்க வைத்தால் என்ன? லேசான தூக்கத்திலிருந்து 10 மைக்ரோ நொடிக்குள்ளும், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து 10 மில்லி நொடிக்குள்ளும் எழ வேண்டும் என்பது விதி. சும்மா இருக்கையில் 6 வாட் இழுக்கும் லேப்டாப்பில் இதனால் 1 முதல் 1.5 வாட் மிச்சமாகும் என்று சில ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டிருந்தார்கள். நான்கு மணி நேரம் தாங்கும் பேட்டரி ஏறக்குறைய ஐந்து மணி நேரம் தாங்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் விழுந்து கரண்ட் போகும் ஊரில் இது சின்ன லாபமா?

முன்பு பட்டியலிட்ட சில சிப்களுக்கு மட்டும் இருந்த இந்தச் சலுகையை, 6.9 ‘எனக்கும் முடியும்’ என்று அறிவிக்கும் சாட்டா கட்டுப்படுத்திகளுக்கெல்லாம் விரித்தது. அங்கேதான் குட்டு வெளிப்பட்டது. தூங்கத் தெரியும் என்று தாமும் அறிவித்திருந்த சில எஸ்எஸ்டிகளுக்கு உண்மையில் ஒழுங்காகத் தூங்கி எழத் தெரியவில்லை. அதுவரை யாரும் தூங்கச் சொல்லாததால் குறை ஒளிந்தே கிடந்திருக்கிறது. புதிய கெர்னல் கோளாறை உண்டாக்கவில்லை. வட்டின் சொல்லை நம்பியது, அவ்வளவே.

அதற்காக எல்லோருக்குமான மிச்சத்தைக் கைவிடவில்லை. சொல்வது ஒன்று, செய்வது வேறாக இருக்கும் வட்டுகளுக்கென்றே கெர்னலுக்குள் ஒரு அட்டவணை இருக்கிறது. வட்டு தன் மாடல் பெயரைச் சொன்னதும் கெர்னல் அதில் தேடும். பெயர் இருந்தால் ‘இதைத் தூங்கச் சொல்லாதே’ என்பதுபோல ஒரு குறிப்பு கிடைக்கும். 2024 ஜூனில் அபாசர் ஏஎஸ்340, குரூசியல் பிஎக்ஸ்500இன் 240 ஜிபி மாடல், ஏஎம்டி ரேடியான் எஸ்3 ஆகியவை அதில் ஏறின.

அட்டவணையின் இத்தகைய வரிகளுக்குக் கரு, பயனர் அனுப்பும் புகார். அதில் மூன்று விவரம் முக்கியம். ஓடிய கடைசி கெர்னலின் எண், ஓடாத முதல் கெர்னலின் எண், வட்டின் எழுத்துப் பிசகாத மாடல் பெயர். பழுதைக் கண்டு சொன்னவரின் பெயரைத் திருத்தத்தோடு சேர்த்தே பதிவது கெர்னல் உலகின் வழக்கம். கோத்தகிரியிலிருந்து பழைய லேப்டாப்போடு மல்லுக்கட்டி ஒருவர் எழுதினாலும், அவர் பெயர் அந்த வரலாற்றில் ஏறும். அதே வட்டு வைத்திருக்கும் முகம் தெரியாத பலரின் கணினியும் அடுத்த அப்டேட்டில் எழுந்துகொள்ளும்.