புழுங்கல் அரிசியும் பூட்டிய விடுதியும்

இன்று உங்கள் வீட்டு உலையில் கொதிப்பது எந்த அரிசி? நம் பாட்டன் பாட்டி காலத்தில் தோட்டத்து லயங்களில் புழுங்கல் அரிசிச் சோறுதான். அந்நாளில் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் பெரிபெரி என்ற நோயால் ஏராளமாக மாண்டார்கள். கால் வீங்கும், நடை தளரும், முற்றினால் இதயம் நின்றுவிடும். தமிழர்களை அந்நோய் அதிகம் தொடவில்லை. சீனர்கள் உண்ட தீட்டிய பச்சரிசிதான் காரணமோ என்று டாக்டர் பிராடன் ஐயம் கொண்டார்.

அந்த ஐயத்தைத் தீர்க்க உதவியவர்கள் யார் தெரியுமா? கோலாலம்பூர் பைத்தியக்கார விடுதியில் அடைபட்டுக் கிடந்தவர்கள்!

1905-ஆம் ஆண்டு அவ்விடுதியில் பெரிபெரி கடுமையாகப் பரவியது. டாக்டர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு கட்டடத்துக்கு, அவர்களுக்குப் பச்சரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் மற்றொன்றுக்கு. அவர்களுக்குப் புழுங்கல் அரிசி. இடத்தின் கோளாறாக இருக்குமோ என்று நடுவில் இரு கூட்டத்தாரையும் கட்டடம் மாற்றியும் பார்த்தார். அரிசியை மட்டும் மாற்றவில்லை. ஏறத்தாழ ஓராண்டு இப்படி நடந்தது. பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. 1907-இல் 'லான்செட்' மருத்துவ ஏடு இதை வெளியிட்டது.

நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. இந்த விளக்கம் பின்னால் வந்தது. டாக்டர் கொலைகாரரல்லர், விடுதியில் முன்பே சாவு விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும், ஒரு பக்கம் மட்டும் சாகிறது என்று தெரிந்த பிறகும் அதே சோற்றைப் போட்டார்களே! கதவைத் திறந்துகொண்டு போக முடிந்தவர்களிடம் இது நடந்திருக்குமா?

1911-இல் தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய மனநல விடுதி திறக்கப்பட்டது. 1971-இல் அதற்கு 'பஹாகியா' மருத்துவமனை என்று பெயர் மாற்றினார்கள். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. 1950-களில் குளோர்புரோமசின் போன்ற மருந்துகள் வந்த பிறகு, பூட்டி வைக்க வேண்டிய தேவை பலருக்கு இல்லாமல் போயிற்று. இன்று பக்கத்து அரசாங்கக் கிளினிக்கிலேயே மருந்து வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் நம் வாய் மாறவில்லை. சண்டை வந்தால், "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான், இரவெல்லாம் தூங்காமல் தனக்குத் தானே பேசிக்கொண்டிருக்கும் மகளை ஒரு தாய் பின்கட்டில் மறைத்து வைக்கிறாள். மந்திரித்த கயிறு கட்டுகிறாள். கிளினிக்குக்கு அவள் வரும்போது இரண்டு மூன்று வருடம் ஓடிப்போயிருக்கிறது.