14 சனிக்கிழமை, 6 லெவல்

எங்க ஹாஸ்டல்ல ரெண்டு வருஷமா ஒரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம்பெயின் ஓடிட்டு இருக்கு. அஞ்சு பேர் ஆடுறாங்க, நான் டிஎம். (தெரியாதவங்களுக்கு: டிஎம் என்றால் டன்ஜன் மாஸ்டர். கதை சொல்றவன், எதிரிகளை ஆட வைக்கிறவன், எல்லார்கிட்டயும் திட்டு வாங்குறவன்.) முதல் நாளே ஒரு சிவப்பு டிராகன் வந்து ஊரைக் கொளுத்திட்டுப் போச்சு. அதைப் பழிவாங்குறதுதான் மொத்தக் கதையும்.

இந்த செமஸ்டர் ஆரம்பத்துல காலண்டரை எடுத்துப் பார்த்தேன். அஞ்சு பேர்ல மூணு பேர் ஃபைனல் இயர். இன்டர்னல், ப்ராஜெக்ட் ரிவ்யூ, ஊருக்குப் போற வாரம் எல்லாம் கழிச்சா மிச்சம் 14 சனிக்கிழமை. கேரக்டர்கள் நிக்கிறது லெவல் 6-ல.

லெவல் 6-லயே டிராகனைப் பார்க்கப் போனா என்ன ஆகும்? நாங்க ஆடுறது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதில் வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு 256 ஹிட் பாயின்ட். அது ஒருமுறை நெருப்பு கக்கினால் 18 பகடை உருட்டணும், சராசரி 63 டேமேஜ். எங்க ஃபைட்டரோட மொத்த ஹிட் பாயின்ட் 52. தப்பிக்கும் ரோல் சொதப்பினா ஒரே மூச்சுல ஆள் காலி. லெவல் 12-ல அதே ஃபைட்டருக்கு 100 இருக்கும், ஒரு மூச்சைத் தாங்கிட்டுத் திருப்பி அடிக்கலாம். ஆக, 14 வாரத்துல 6 லெவல் ஏறணும்.

இவ்வளவு நாள் ஏன் இப்படி ஊர்ந்தோம்னு முதல்ல கணக்குப் போட்டேன். லெவல் 6-க்கு 14,000 எக்ஸ்பி, லெவல் 7-க்கு 23,000. நடுவில் 9,000. சாதாரணமா நான் வைக்கிற சண்டை ஒன்றை எடுத்துக்கோங்க: நாலு ஓகர். ஒன்றுக்கு 450, மொத்தம் 1,800 எக்ஸ்பி. இங்கதான் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. சண்டை எவ்வளவு கஷ்டம் என்று அளக்கும்போது, எதிரிகள் மூணு முதல் ஆறு பேர் இருந்தால் அந்தத் தொகையை இரண்டால் பெருக்கச் சொல்கிறது புத்தகம். கூட்டமா வந்தா ஆபத்து அதிகம் என்பதால். அதனால் இந்தச் சண்டையின் கஷ்டம் 3,600. ஆனால் ஆடுபவர்களுக்குக் கொடுக்கும் எக்ஸ்பி பெருக்காத அந்த 1,800 மட்டும்தான். அஞ்சு பேருக்குப் பிரிச்சா தலைக்கு 360. கஷ்டத்துக்கு ஏத்த கூலி கிடையாது! (2024-இல் வந்த திருத்திய விதிகளில் இந்தப் பெருக்கலையே எடுத்துட்டாங்க.)

எங்களுக்குக் கிடைக்கிறது சனிக்கிழமை மெஸ் முடிஞ்சு மூணு மணி நேரம். அதுல ரெண்டு சண்டை, 720 எக்ஸ்பி. ஒரு லெவலுக்கு 13 சனிக்கிழமை. செமஸ்டருக்கு ஒரு லெவல்! லெவல் 12-க்கு வேண்டியது 1,00,000. பாக்கி 86,000-ஐ இதே வேகத்துல எடுக்க 120 சனிக்கிழமை ஆகும். ஏற ஏற எதிரிகளும் எக்ஸ்பியும் பெருசாகும் என்பது உண்மைதான். அதுக்குள்ள மூணு பேரும் வேலைக்குப் போயிருப்பாங்க.

முதல்ல பண்ணது முட்டாள்தனம். "இனிமே எல்லாத்துக்கும் டபுள் எக்ஸ்பி"ன்னு அறிவிச்சேன். டபுள் ஆனாலும் ஒரு லெவலுக்கு ஆறு ஏழு வாரம், அது ஒரு பக்கம். அதைவிட மோசம், அன்னிக்கு ராத்திரியே எங்க ரோக் ஊர் வாசல்ல நின்ன காவலாளியைக் குத்தப் போயிட்டான். கேட்டா, "எக்ஸ்பி வருமேடா" என்கிறான். எதுக்கு எக்ஸ்பி கொடுக்கிறோமோ அதைத்தான் ஆடுவாங்க. 1974-இல் வந்த முதல் பதிப்பில் கொண்டுவரும் தங்கத்துக்கும் எக்ஸ்பி உண்டு, அதனால் அப்போ ஆடியவர்களுக்குச் சண்டையைத் தவிர்த்துப் புதையலைச் சுருட்டுறதுதான் புத்திசாலித்தனம்.

டேபிளை மாத்துறது பாவமும் இல்லை. 2009-இல் வந்த பாத்ஃபைண்டர் மெதுவு, நடுத்தரம், வேகம் என்று மூணு டேபிளையே அச்சிட்டது. லெவல் 2-க்கு முறையே 3,000, 2,000, 1,300.

நான் கடைசியில் எக்ஸ்பியையே தூக்கிட்டேன். எங்ககிட்ட பற்றாக்குறையா இருப்பது சனிக்கிழமை, அப்போ சனிக்கிழமையைத்தானே எண்ணணும்? இதுவும் டிஎம்-களுக்கான புத்தகத்திலேயே இருக்கு: நாலு மணி நேர செஷன் என்றால், லெவல் 4-க்கு அப்புறம் ரெண்டு மூணு செஷனுக்கு ஒரு லெவல் கொடுக்கலாம். டிராகனுக்கு ரெண்டு வாரம் ஒதுக்கினா மிச்சம் 12 வாரம், 6 லெவல். சராசரி ரெண்டு.

ஆனா சமமா ரெண்டு ரெண்டுன்னு பிரிக்காதீங்க. மந்திரவாதிக்கும் கிளெரிக்குக்கும் புது மட்டத்து மந்திரங்கள் வருவது 7, 9, 11 என்ற ஒற்றைப்படை லெவல்களில். ரோக்கின் மறைமுகத் தாக்குதலுக்கு ஒரு பகடை கூடுவதும் அங்கேதான். ஃபைட்டருக்கு மூன்றாவது அடி கிடைப்பது 11-ல. 8, 10 எல்லாம் ஒப்பிட்டா சப்புன்னு இருக்கும். அதனால 6, 8, 10-ல ஒவ்வொரு வாரம், 7, 9, 11-ல மூணு மூணு வாரம். கூட்டிப் பாருங்க, சரியா 12. புதுசா கிடைச்சதை ஆடிப் பார்க்க நேரமும் இருக்கும்.

வராதவனுக்கும் லெவல் உண்டு. 75 சதவீத அட்டெண்டன்ஸ் எல்லாம் இங்க கிடையாது. லெவல் 11 கூட்டத்துல ஒருத்தன் மட்டும் 7-ல நின்னா, மத்தவங்களுக்குன்னு நான் வைக்கிற சண்டையில முதல் ரவுண்டுலயே படுத்துடுவான். மீதி நேரம் மொபைல்தான் பார்த்துட்டு இருப்பான்.

லெவல் ஏறுவதை செஷன் முடிஞ்ச உடனே குரூப்பில் போட்டுடுவேன். மந்திரவாதி ஒவ்வொரு லெவலுக்கும் ரெண்டு மந்திரம் தேர்ந்தெடுக்கணும், அதை சனிக்கிழமை உட்கார்ந்து யோசிச்சா ஒரு மணி நேரம் போச்சு. லெவல் கூடக்கூட சண்டையும் இழுக்கும் என்பதால் எதிரிகளின் டேமேஜுக்கு நான் பகடை உருட்டுறதில்லை. ஓகர் அடிச்சா 13, புத்தகத்திலேயே சராசரி போட்டிருக்கு.

வேகத்துக்கு விலையும் இருக்கு. லெவல் 9-ல கிளெரிக்குக்குச் செத்தவங்களை எழுப்பும் மந்திரம் வந்துடுச்சு. போன வருஷம் ஒரு கேரக்டர் செத்தப்போ ரூமே அமைதியாச்சு. இப்போ செத்தா, "500 கோல்டு வைரம் இருக்கா?" என்று பையைத் தேடுறாங்க. அதனால மொத்த நாட்டுலயும் அந்த மதிப்புள்ள வைரம் ரெண்டுதான் இருக்குன்னு சொல்லிட்டேன். ஒண்ணு ராஜா கிரீடத்துல. இன்னொண்ணு டிராகன் குகையில.

எட்டு சனிக்கிழமை முடிஞ்சது. இந்த வாரம் லெவல் 10. ரோக் இப்போ அந்தக் கிரீடத்தைத் திருடத் திட்டம் போட்டுட்டு இருக்கான். எக்ஸ்பி கிடையாதுடான்னு சொல்லியும் கேக்கல.